வெட்டாத நாளில் ஊறும் பால்: தசைப் பயிற்சிக்கு ஓய்வு நாள் தேவையா?

(தொலைக்காட்சி அரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மாலை 7 மணிக்கு மேல் பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ ஓர் உடற்பயிற்சிக்கூடத்துக்குள் நுழைந்தால் இந்தக் கேள்வி எப்படியும் காதில் விழும். "அண்ணே, ஞாயித்துக்கிழமை லீவு விட்டா ஏத்துன பாடி இறங்கிடுமா?" கேட்பவர் பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு வயதுத் தம்பியாக இருப்பார். ஜிம்மில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருக்கும். கண்ணாடியில் கை கொஞ்சம் உருண்டு தெரியத் தொடங்கியிருக்கும். அந்த நேரத்தில் ஒரு நாள் சும்மா இருப்பது என்பது, சேர்த்த காசைத் தெருவில் போடுவதுபோல் அவருக்குத் தோன்றும்.

பதில் சொல்பவர்களும் ஒரே பதிலைச் சொல்வதில்லை. "வாரத்துக்கு மூணு நாள் போதும் தம்பி" என்பார் ஒருவர். "ஏழு நாளும் அடிச்சாத்தான் ஏறும், லீவெல்லாம் சோம்பேறிக்கு" என்பார் பக்கத்தில் இருப்பவர். இருவருக்குமே நல்ல உடற்கட்டு இருக்கும். தம்பி யாரை நம்புவார்? அதிகமாகச் செய்யச் சொல்பவரைத்தான். உழைத்தால் கிடைக்கும் என்று வீட்டிலும் பள்ளியிலும் கேட்டு வளர்ந்த பிள்ளை அல்லவா!

கேள்வி சின்னதுதான். ஆனால் தவறான பதிலை நம்பியவர்கள் தோள்பட்டை வலியோடும் முழங்கால் வலியோடும் ஆறே மாதத்தில் ஜிம்மை விட்டு விலகுகிறார்கள். அரிதாகச் சிலர் சிறுநீரகக் கோளாறோடு மருத்துவமனைக்கே போகிறார்கள். அதனால் இதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

எடை தூக்கும் நேரத்தில் தசை வளர்வதில்லை. முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். டம்பெல்லைத் தூக்கி இறக்கும்போது தசை இழைகள் இழுபட்டுச் சோர்கின்றன, நுண்ணிய அளவில் சேதமும் அடைகின்றன. பயிற்சி முடிந்ததும் கை பெருத்துத் தெரிவது இரத்தமும் நீரும் தசைக்குள் ஏறியதால். அது வளர்ச்சி அல்ல. ஓரிரு மணி நேரத்தில் வடிந்துவிடும். உண்மையான வேலை அதன் பிறகு தொடங்குகிறது. அந்த இழுவையை ஓர் அறிவிப்பாக எடுத்துக்கொண்டு, உடல் புதிய புரதத்தைச் சேர்த்து இழையைத் தடிக்கச் செய்கிறது.

இந்த வேலை எவ்வளவு நேரம் நடக்கிறது என்பதை அளந்து பார்த்திருக்கிறார்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1995ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்றில், இளைஞர்கள் ஒரு கைக்கு மட்டும் கடுமையான பயிற்சி கொடுத்தார்கள். மற்றக் கை சும்மா இருந்தது. 4 மணி நேரம் கழித்துப் பார்த்தபோது, பயிற்சி செய்த கையில் புரதச் சேர்க்கை 50 விழுக்காடு கூடியிருந்தது. 24 மணி நேரத்தில் அது 109 விழுக்காடு, அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். 36 மணி நேரத்தில் ஏறக்குறைய பழைய நிலைக்கே இறங்கிவிட்டது. 1997ஆம் ஆண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வில், 48 மணி நேரம் கழிந்த பிறகும் 34 விழுக்காடு கூடுதலாகவே இருந்தது. ஆளுக்கு ஆள், பயிற்சிக்குப் பயிற்சி கணக்கு மாறும். ஆனால் ஒரு செய்தி தெளிவு: திங்கள் இரவு தூக்கிய எடைக்கான வேலை செவ்வாய் முழுவதும் நடந்துகொண்டிருக்கிறது. சில நேரம் புதன் வரைக்கும்.

அப்படியானால் செவ்வாய்க்கிழமை மறுபடியும் அதே தசையைப் போட்டு வாட்டினால் என்ன ஆகும்? இதற்குக் கனடா வரைக்கும் போக வேண்டியதில்லை. பதில் நம் தாத்தா பாட்டிகளிடம் இருக்கிறது.

இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் அடுக்குமாடி வீடுகளும் தொழிற்சாலைகளும் நிற்கும் இடங்களில் பல ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள். அங்கே பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்றைக்கு ஜிம்மில் நிற்கிறார்கள். விடிவதற்கு முன்பே பெரட்டுக்குப் போய், நிரையில் இறங்கி, பட்டையில் மெல்லிய சீவல் சீவி, மங்கைப் பொருத்திவிட்டு அடுத்த மரத்துக்குப் போன அந்தத் தலைமுறையிடம் கேட்டுப் பாருங்கள். ஒரே மரத்தை நாள்தோறும் வெட்டுவார்களா என்று. இந்நாட்டில் பரவலாக இருந்த முறை ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுவது. மரத்தின் சுற்றளவில் பாதி அளவுக்கே வெட்டு, அதுவும் ஒன்றுவிட்ட ஒரு நாள். 1925ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும், தோட்டத் துரைமார்களும் மரத்தின்மேல் இரக்கப்பட்டு இந்த இடைவெளியை விடவில்லை. வடிந்த பால் மறுபடி ஊறுவதற்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அதற்குள் வெட்டினால் கிடைப்பது குறையும். விடாமல் வெட்டிக்கொண்டே போனால் பட்டை வறண்டு, பாலே நின்றுபோகும் நோய் வரும். அப்படிப்பட்ட மரத்தை எவ்வளவு கூர்மையான கத்தியால் கீறினாலும் மங்கு நிறையாது.

இங்கேதான் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. மரத்துக்கு ஒரு நாள் ஓய்வு. ஆனால் பால் வெட்டுபவர் மறுநாள் வீட்டில் படுத்திருந்தாரா? இல்லை. இன்றைக்கு இந்த வெட்டு, நாளைக்கு அடுத்த வெட்டு என்று நிரை மாற்றிப் போனார். அவர் நாள்தோறும் வேலைக்குப் போனார், மரம் நாள்தோறும் வெட்டுப்படவில்லை. ஜிம்மில் நடக்கும் வாக்குவாதத்தில் பாதி, இந்த வேறுபாடு தெரியாததால் வருவது. "ஏழு நாளும் அடி" என்று சொல்கிற அண்ணனைக் கூர்ந்து பாருங்கள். அவர் திங்கள் நெஞ்சுக்குச் செய்கிறார், செவ்வாய் முதுகுக்கு, புதன் காலுக்கு. அவருடைய நெஞ்சுத் தசைக்கு மூன்று நான்கு நாள் ஓய்வு கிடைத்துவிடுகிறது. அவர் அதை ஓய்வு என்று சொல்வதில்லை, அவ்வளவுதான். அதைக் கேட்ட தம்பி ஏழு நாளும் நெஞ்சுக்கும் கைக்குமே செய்கிறார். சிக்கல் அங்கே தொடங்குகிறது.

இந்தப் பிரித்துச் செய்யும் முறையிலும் ஒரு கண்ணி உண்டு. நெஞ்சுக்காக பெஞ்ச் பிரஸ் செய்யும்போது தோளின் முன்பகுதியும் கையின் பின்தசையும் சேர்ந்தே உழைக்கின்றன. மறுநாள் தோளுக்கு, அதற்கு மறுநாள் கைக்கு என்று அட்டவணை போட்டவர், தாளில் மூன்று வெவ்வேறு தசை என்று எழுதியிருப்பார். உண்மையில் அந்தப் பின்தசைக்கு மூன்று நாளும் தொடர்ந்து வேலை. முழங்கை வலிக்கிறது என்று அவர் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார். தசையைவிட தசைநார் மெதுவாகத்தான் பலம் பெறும். அதற்குள் இரத்த ஓட்டம் குறைவு. தசை "இன்னும் தூக்கு" என்று சொல்லும் நேரத்தில் தசைநார் தயாராக இருப்பதில்லை. இளம் வயதில் இந்த வலியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அதுதான் வருத்தம்.

இதற்கு எதிராக இரண்டு வாதங்கள் சொல்லப்படுவது உண்டு. இரண்டையும் அப்படியே தள்ளிவிட முடியாது.

முதல் வாதம் வீட்டிலிருந்தே வருவது. "எங்க தாத்தா என்ன ஓய்வா எடுத்தாரு? காண்டாக் கம்புல ரெண்டு பக்கமும் பால் வாளி தூக்குனாரு. உடம்பு தேக்கு மாதிரி இருந்துச்சு." உண்மை. ஆனால் அவர் ஒவ்வொரு நாளும் தூக்கியது ஏறக்குறைய அதே எடை. உடல் அந்த எடைக்குப் பழகிய பிறகு அது அவருக்கு உழைப்பு, பயிற்சி அல்ல. தசை வளர்ப்பவர் வேண்டுமென்றே வாரத்துக்கு வாரம் எடையைக் கூட்டி, இதற்குமேல் முடியாது என்ற எல்லைக்கு அருகில் போய் நிற்கிறார். இரண்டும் ஒன்றல்ல. தாத்தாவின் உடல் இறுகியது, பெருக்கவில்லை. அவருக்கு ஐம்பது வயதில் இடுப்பும் முழங்காலும் என்ன ஆயின என்பதைப் பாட்டியைக் கேட்டால்தான் தெரியும். அது ஒருபுறம் இருக்க, மழை பெய்தால் வெட்டு இல்லை. அந்த நாள்களில் கூலி போய்விடுமே என்ற கவலை இருந்தாலும், உடம்புக்கு ஓய்வு தானாகக் கிடைத்தது.

இரண்டாவது வாதம் பல்கேரியா. ஐவான் அபஜியெவ் என்ற பயிற்றுநர், தம் பளுதூக்கும் வீரர்களை நாள்தோறும், அதுவும் ஒரே நாளில் பல வேளை, உச்ச எடைக்கு அருகிலேயே தூக்க வைத்தார். அந்தச் சிறிய நாடு 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் பளுதூக்குதலில் 3 தங்கம் வென்றது. இதைவிடப் பெரிய சான்று என்ன வேண்டும் என்று கேட்பார்கள். கதையின் மீதியையும் சொல்ல வேண்டும். அந்த வீரர்களுக்குப் பளு தூக்குவது மட்டுமே தொழில். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையில் படுக்கை, சாப்பாடு, மருத்துவர் எல்லாம் தயாராக இருந்தன. தாக்குப்பிடிக்க முடியாதவர்கள் விலகிப் போனார்கள், எஞ்சியவர்களைத்தான் உலகம் பார்த்தது. 1988ஆம் ஆண்டு சோல் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இருவர் தடை செய்யப்பட்ட மருந்துச் சோதனையில் சிக்க, அணியே போட்டியிலிருந்து விலகியது. 2000ஆம் ஆண்டு சிட்னியிலும் அந்நாட்டுப் பளுதூக்குநர்கள் மூவரின் பதக்கங்கள் பறிக்கப்பட்டன. பளுதூக்குதல் என்பது நரம்புக்கும் நுட்பத்துக்கும் உரிய கலை. தசையைப் பெருக்குவது அதன் நோக்கமும் அல்ல.

உடற்கட்டழகு உலகிலேயே பார்த்தாலும் ஒரே வழி இல்லை. 1970களில் அர்னால்ட் ஸ்வார்ஸ்நேகர் வாரத்துக்கு 6 நாள் பயிற்சி செய்தார். 1992 முதல் 1997 வரை தொடர்ந்து ஆறு முறை மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் வென்ற டோரியன் யேட்ஸ் வாரத்துக்கு 4 நாள்தான் செய்தார். அர்னால்ட் ஊக்க மருந்து பயன்படுத்தியதைத் தாமே ஒப்புக்கொண்டிருக்கிறார் என்பதையும், அந்த அட்டவணையை வெட்டி ஒட்டிச் சுவரில் மாட்டுகிற தம்பி தெரிந்துகொள்ள வேண்டும். ஊக்க மருந்து செய்யும் வேலைகளில் ஒன்று, சோர்விலிருந்து மீளும் நேரத்தைக் குறைப்பது. அது இல்லாதவருக்கு அந்த அட்டவணை பொருந்தாது.

நம் சொந்தங்களில் ஒருவரையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் பழைய கோலாலம்பூர் ரயில் நிலையத்தில், 'ராஜா கிகி' என்று அழைக்கப்படும் ரத்தாகிருஷ்ணன் வேலு 2003ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 260.8 டன் எடையுள்ள ரயிலைப் பல்லால் கடித்து 4.2 மீட்டர் இழுத்தார். 2007ஆம் ஆண்டு ஆகஸ்டில் 297.1 டன் ரயிலை 2.8 மீட்டர் இழுத்துக் காட்டினார். இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய நான்கு ஆண்டு. உச்சபட்ச வலிமையைக் காட்டும் நாள் வேறு, அதற்காகப் பழகும் நாள் வேறு. ஒவ்வொரு மாலையும் தன் உச்ச எடையைத் தூக்கிப் பார்த்துத் தொலைபேசியில் படம் பிடிக்கும் தம்பிகள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

சரி, வாரத்துக்கு எத்தனை நாள்? அமெரிக்க ஆய்வாளர் பிராட் ஷோன்ஃபெல்டும் அவருடைய சகாக்களும் 2016ஆம் ஆண்டு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஒரு தசைக்கு வாரத்தில் ஒரு முறை என்பதைவிட இரண்டு முறை நல்ல பலன் தருகிறது என்று தெரிந்தது. 2019ஆம் ஆண்டு அவர்களே மறுபடி தொகுத்தபோது, வாரத்தின் மொத்த உழைப்பு ஒன்றாக இருந்தால் அதை எத்தனை நாளாகப் பிரித்தாலும் பெரிய வேறுபாடு இல்லை என்று கண்டார்கள். ஆக, நாளைக் கூட்டுவதால் மட்டும் தசை கூடுவதில்லை. புதிதாகத் தொடங்குபவர் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் முழு உடலுக்கும் செய்து, இடையில் 48 மணி நேரம் விடுவது பாதுகாப்பான தொடக்கம். ஓராண்டு பழகியவர் ஒரு நாள் மேலுடம்பு, மறுநாள் கீழுடம்பு என்று நான்கு நாள் செய்யலாம். ஆறு நாள் செய்தே தீருவேன் என்பவர் தள்ளும் தசை, இழுக்கும் தசை, கால் என்று மூன்றாகப் பிரித்து இரண்டு சுற்று போனால், ஒவ்வொன்றுக்கும் மூன்று நாளாவது இடைவெளி கிடைக்கும். ஏழாவது நாள்? அது தசைக்காக இல்லாவிட்டாலும் மூட்டுக்கும் நரம்புக்கும் மனத்துக்கும் வேண்டும். பால்மரக் கதை இந்த இடத்தில் பொருந்தாது. தோட்டத்தில் மாற்று மரம் இருந்தது. மாற்று உடம்பு யாரிடமும் இல்லை.

இதுவரை சொன்னது புத்தகக் கணக்கு. கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்க்கைக் கணக்கு வேறு. போர்ட் கிள்ளானில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அல்லது 12 மணி நேரம் நின்று காவல் வேலை பார்க்கும் ஒருவரை. அல்லது காலை 6 மணிக்குக் கிள்ளானில் கொமுட்டர் ஏறிக் கோலாலம்பூருக்கு வந்து, இரவு 8 மணிக்குக் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் திரும்புகிறவரை. இவர்கள் எல்லாம் வாரத்துக்கு ஒரு நாள் ஜிம்முக்கு லீவு விட்டுவிட்டு, "நான் ஓய்வு எடுத்தேன்" என்று சொல்ல முடியுமா? அந்த லீவு நாளில் அவர் ஓவர்டைம் பார்க்கிறார். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வாரத்துக்கு ஒரு ஓய்வு நாள் தருகிறது. 2023ஆம் ஆண்டு ஜனவரியிலிருந்து வார வேலை நேரமும் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் வீட்டுக் கடன், கார்த் தவணை என்று அந்த ஓய்வு நாளை விற்றுவிடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!

உண்மையான ஓய்வு தூக்கம்தான். ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் 13 இளையோரை ஓர் இரவு முழுக்கத் தூங்கவிடாமல் வைத்துப் பார்த்தார்கள். ஒரே ஓர் இரவுதான். தசையில் புரதம் சேரும் வேகம் 18 விழுக்காடு குறைந்தது. மன உளைச்சலோடு கூடும் கார்டிசோல் 21 விழுக்காடு ஏறியது, டெஸ்டோஸ்டிரோன் 24 விழுக்காடு இறங்கியது. சிறிய ஆய்வுதான், ஆனால் இரவு 2 மணி வரை மாமாக் கடையில் பந்து பார்த்துவிட்டு, காலை 6 மணிக்கு எழுந்து ஜிம்முக்கு ஓடுகிறவர் இதை யோசிக்க வேண்டும். அன்றைக்கு அவர் ஜிம்முக்குப் போகாமல் இன்னும் இரண்டு மணி நேரம் தூங்கியிருந்தால் தசைக்கு அது கூடுதல் நன்மை.

இரவு ஷிஃப்ட் பார்ப்பவருக்கு என்ன வழி? ஷிஃப்ட் முடிந்து நேரே ஜிம்முக்குப் போவது பலரின் வழக்கம், கூட்டம் இருக்காது என்பதால். தூக்கக் கலக்கத்தில் எடை தூக்கினால் நுட்பம் தவறும், முதுகு பிடிக்கும். முதலில் தூங்கி எழுந்து, சாப்பிட்டு, அடுத்த ஷிஃப்ட்டுக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் செய்வது நல்லது. வாரத்துக்கு மூன்று நாள், முழு உடலுக்கும். அதுவே அவருக்குப் போதும்.

ஓய்வு நாளில் சாப்பாட்டைக் குறைப்பது இன்னொரு தவறு. "இன்னிக்கு ஜிம் இல்ல, எதுக்கு முட்டை?" என்று கேட்பவர்கள் உண்டு. கட்டுமான வேலை நடக்கும் நாளில் செங்கல்லை நிறுத்துவது போன்றது இது. 2018ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, தசை வளர்ப்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1.6 கிராம் புரதம் போதும் என்று காட்டியது. 70 கிலோ எடையுள்ளவருக்கு 112 கிராம். முட்டை ஒன்றில் 6 கிராம், சமைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் ஏறக்குறைய 30 கிராம், தெம்பே 100 கிராமில் 19 கிராம் அளவுக்கு இருக்கிறது. கணக்குப் போட்டால் விலை உயர்ந்த டப்பா மாவு இல்லாமலே சமாளிக்கலாம். ரொட்டி சானாயும் தே தாரிக்கும் மட்டும் சாப்பிட்டுவிட்டு ஓய்வு எடுத்தால், அந்த ஓய்வால் கூடுவது தொப்பைதான்.

தொப்பை என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடற்பருமன் உள்ளவர்கள். ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது மற்ற இனத்தவரைவிட அதிகம் என்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. நாற்பது வயதுக்கு மேல் ஜிம்முக்கு வருகிறவர்களில் பலர் சர்க்கரைக்காகவே வருகிறார்கள். இவர்களுக்கு ஓய்வு நாள் கணக்கு கொஞ்சம் வேறு. உழைத்த தசை இரத்தச் சர்க்கரையை நன்றாக உறிஞ்சும். அந்தப் பலன் ஒன்று, இரண்டு நாளில் மங்கிவிடும். அதனால்தான் அசைவே இல்லாமல் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இருக்கக் கூடாது என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அறிவுறுத்துகிறது. எடை தூக்காத நாளில் இவர்கள் நாற்காலியில் உட்கார்ந்துவிடக் கூடாது. மாலையில் அரை மணி நேரம் வேகநடை போதும். தசைக்கும் ஓய்வு, சர்க்கரைக்கும் கட்டுப்பாடு. இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் பயிற்சியைக் கூட்டும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும், சர்க்கரை தாழ்ந்துவிடும் ஆபத்து இருப்பதால்.

இனி அந்தத் தம்பியின் அச்சத்துக்கு வரலாம். லீவு விட்டால் இறங்கிவிடுமா? ஜப்பானில் நடந்து 2013ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வில், ஒரு குழு 24 வாரம் தொடர்ந்து பயிற்சி செய்தது. இன்னொரு குழு 6 வாரம் செய்து 3 வாரம் முழு ஓய்வு எடுத்து, மறுபடி 6 வாரம் என்று மாறி மாறிச் செய்தது. முடிவில் இரு குழுவினரின் தசை வளர்ச்சியும் ஏறக்குறைய ஒன்றுதான். பின்லாந்தில் 2024ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வில் நடுவில் 10 வார இடைவெளியே விட்டுப் பார்த்தார்கள். இழந்ததை, திரும்பி வந்தவர்கள் சில வாரங்களிலேயே பிடித்துவிட்டார்கள். மூன்று வாரத்துக்கே இந்த நிலை என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை என்ன செய்துவிடும்?

தைப்பூசத்துக்கு விரதம் இருக்கும் இளைஞர்களுக்கும் இது ஆறுதலான செய்தி. ஒரு வேளை உணவோடு, மாமிசம் தவிர்த்து, பல வாரம் விரதம் இருப்பவர்கள், சதை இறங்கிவிடும் என்ற பயத்தில் ஜிம்மையும் விடாமல் வழக்கமான எடையையே தூக்குகிறார்கள். பிறகு காவடியோடு பத்துமலையின் 272 படி ஏறுகிறார்கள். அந்த வாரங்களில் பயிற்சியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம், நிறுத்திவிட்டாலும் குற்றமில்லை. பருப்பு, பால், தவ்ஃபு, தெம்பே விரதத்துக்கு ஒத்தவைதான்.

ஆபத்து இருப்பது விடுமுறையில் அல்ல, திரும்பி வரும் நாளில். விட்ட நாளுக்கெல்லாம் சேர்த்துச் செய்கிறேன் என்று இறங்குவார்கள் பாருங்கள், அங்கேதான். 2011ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகக் காற்பந்து வீரர்கள், ஏறக்குறைய மூன்று வார விடுமுறை முடிந்து திரும்பினார்கள். கடுமையான பயிற்சி கொடுக்கப்பட்டது. அதில் ஒன்று, தங்களால் தூக்கக்கூடிய உச்ச எடையில் பாதியைத் தோளில் வைத்துக்கொண்டு, நேரக் கணக்கோடு 100 முறை உட்கார்ந்து எழுவது. அடுத்த சில நாள்களில் 13 வீரர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அத்தனை பேரும் இளைஞர்கள், முறையாகப் பழகியவர்கள். தசை இழைகள் உடைந்து அவற்றின் சரக்கு இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தை அடைக்கப் பார்க்கும் நோய் அது. நல்லவேளையாக அனைவரும் குணமடைந்தார்கள்.

தீபாவளி விடுமுறைக்குப் பிறகு நம் ஊர் ஜிம்களிலும் இதே வேகத்தைக் காணலாம். இரண்டு வாரம் விட்டவர் முதல் நாள் பழைய எடையில் பாதியும், பழைய செட்டில் பாதியும் செய்தால் போதும். ஒரு வாரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடலாம். பயிற்சிக்குப் பின் ஒன்று முதல் மூன்று நாள் வரை இருக்கும் சாதாரண வலிக்கு அஞ்ச வேண்டாம். அதைத் தணிக்க வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தண்ணீரும் குடிக்காமல் மறுபடி தூக்கப் போவதுதான் சிறுநீரகத்துக்குக் கேடு. வலி நாளுக்கு நாள் கூடினால், தசை கல்லாக வீங்கினால், கை கால் நீட்ட முடியாமல் போனால், சிறுநீர் கோலா நிறத்தில் போனால், மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே "உடம்பு வலிக்குது" என்று மட்டும் சொன்னால் காய்ச்சல் மாத்திரையோடு திருப்பி அனுப்பிவிடக்கூடும். எந்தப் பயிற்சி, எத்தனை முறை, எத்தனை நாளுக்கு முன்பு என்று சொல்ல வேண்டும். ஊசியோ மாத்திரையோ ஏதாவது எடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மருத்துவர் இரத்தத்தில் கிரியாட்டின் கைனேஸ் அளவைப் பார்க்கச் சொல்வார். சொல்லாவிட்டால், தம்பி கேட்டு வாங்கலாம்.